மலையக மக்களும் அரசாங்கப் பதிவேடும் - பழுதும் பூட்டும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசு தன் மக்களைப் பதிவேட்டின் வழியாகவே அறிகிறது. பிறப்பு, இறப்பு, விவாகம், வாக்குரிமை, பிரசாவுரிமை ஆகிய யாவும் ஏதோவொரு பதிவேட்டில் இடம்பெற்ற பின்னரே சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகின்றன. பதிவேட்டில் பெயர் இல்லாதவன் நாட்டில் வாழலாம், உழைக்கலாம், வரியும் செலுத்தலாம். ஆயினும் உரிமை கோரும் வேளையில் அவன் இல்லாதவனாகவே கருதப்படுகிறான். மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் வரலாற்றில் இவ்வுண்மை விளங்குவது போல் இலங்கையின் வேறெந்தச் சமூகத்தின் வரலாற்றிலும் விளங்குவதில்லை.

அரசாங்கப் பதிவேடுகள் இன்று கணனித் தரவுத்தளங்களாக மாறி வருகின்றன. கிளை அலுவலகக் கணனி ஒன்று தலைமை அலுவலகத்திலுள்ள தரவுத்தளச் சேவையகத்துடன் தொடர்புகொள்ள இயலாது நிற்குமாயின், அத்துறை வல்லுநர் கண்டபடி கருவிகளைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அவர் வரிசையாக நான்கு வினாக்களை எழுப்புகிறார். அழைக்கும் முகவரி சரியானதா? அம்முகவரிக்குச் செல்லும் வழி திறந்திருக்கிறதா? அழைப்பவர் தரும் பெயரும் சேவையகம் அறிந்த பெயரும் ஒன்றா? பெயர் ஒத்தபோதும், உள்ளே செல்ல அப்பெயருக்கு அனுமதி உண்டா? இந்நான்கினுள் எதில் தடை நேர்ந்தது என்று அறிந்த பின்னரே அவர் பரிகாரம் தேடுகிறார்.

தோல்வியின் வகையையும் அவர் நோக்குவார். அழைப்புக்கு மறுமொழியே வராது காலம் கடந்துபோதல் ஒரு வகை. உடனடியாக மறுப்பு வருதல் மற்றொரு வகை. மௌனம் பெரும்பாலும் வழியிலுள்ள தடையைக் காட்டும். மறுப்போ, அழைப்பு மறுமுனையை எட்டிவிட்டது என்பதையும், அங்குள்ள ஏதோவொன்று ஏற்க மறுத்தது என்பதையும் காட்டும். மறுப்பின் முழுக் காரணம் அழைத்தவருக்குச் சொல்லப்படுவதில்லை. அது சேவையகத்தின் உட்குறிப்பேட்டிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இம்முறையை அளவுகோலாகக் கொண்டு, மலையக மக்களுக்கும் அரசாங்கப் பதிவேட்டுக்கும் இடையிலான தொடர்பு எங்கே, ஏன் அறுபட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகவரி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத் தொழிலாளர், 1867ஆம் ஆண்டு லூல்கந்துராத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன் பின்னரும், 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததன் பின்னரும் தேயிலைத் தொழிலாளராயினர். கோப்பிக் காலத்தில் பருவந்தோறும் வந்து மீண்டவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக் காலத்தில் குடும்பமாக நிலைத்துத் தங்கினர். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் எழுந்த லயங்களே அவர்களுடைய இல்லங்களாயின.

லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை. லயக் காம்பிராவுக்கு அரசாங்கம் அறிந்த இலக்கமும் இல்லை. தோட்டம் முழுவதற்கும் ஒரே முகவரிதான் இருந்தது. அது துரையின் அலுவலக முகவரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத்துண்டு முறை இதனை நன்கு விளக்கும். தமிழகத்தில் ஆள் திரட்டப்பட்டபோது, சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்த தகரத்துண்டு ஒன்று தொழிலாளிக்கு அளிக்கப்பட்டது. அதனைக் காட்டியே அவன் வழிநெடுகிலும் பயணம் செய்தான். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அத்துண்டு ஆளை அன்றி, ஆள் சேரவேண்டிய இடத்தையே குறித்தது.

தோட்டம் விட்டுத் தோட்டம் செல்வதற்கு இன்னொரு துண்டு வேண்டியிருந்தது. கடன் தீர்ந்தால் தொழிலாளியை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. கங்காணியின் கடனோடு பிணைந்த இம்முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் தோட்டம் தனியுலகாக இருக்கும் நிலை நீடித்தது. 1937ஆம் ஆண்டில் கிராமச் சங்கங்கள் சீர்திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அவற்றுக்குப் புறம்பாக வைக்கப்பட்டனர். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக அமைந்தது. 2018ஆம் ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது. கிராமத்தின் பகுதியாகக் கருதப்படாத இடத்தில் வாழ்பவனுக்கு முகவரி எங்ஙனம் அமையும்?

வழி

முகவரி ஒன்று உண்டெனக் கொண்டாலும், அதற்குச் செல்லும் வழி அடுத்த வினாவாகும். தொடக்ககாலத் தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1885ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. தமிழகத்துக் கிராமமும் ஹற்றன் மலையும் ஒரே பாதையில் இணைந்தன.

அப்பாதையில் தொழிலாளியின் உடல் சென்றது. அவனைப் பற்றிய கடதாசிகளோ வேறொரு வழியில் சென்றன. கடிதம் அஞ்சல் அலுவலகத்திலிருந்து தோட்ட அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்தே லயத்துக்குச் சென்றது. பிறந்த குழந்தையைப் பற்றிய அறிவித்தலும் தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே பதிவாளரைச் சேர்ந்தது. பதிவாளருக்கும் பெற்றோருக்கும் நேரடித் தொடர்பு இருக்கவில்லை. இடையில் நின்ற அலுவலகம் கடமையில் தவறின், குழந்தைக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லை. கடிதம் பிந்தின், தவணை போயிற்று. அனுப்பியவர் பார்வையில் கடிதம் சேர்ந்தது. பெறவேண்டியவர் பார்வையில் கடிதமே வரவில்லை. இத்தகைய மௌனத்தையே வல்லுநர் வழியிலுள்ள தடை என்பர்.

பெயர்

மூன்றாவது வினா பெயர் பற்றியது. ஈண்டு மலையகப் பேச்சுவழக்கு ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்றும், அரைநாள் வேலைக்கு 'அரைப்பேர்' என்றும் வழங்குவர். காலையில் பிரட்டுக்களத்தில் கூடி, வேலைக்குச் சென்று, நிறைவேற்றிய வேலைக்கு ஈடாகச் செக்ரோலில் பெயர் எழுதப்படுதலே கூலிக்கு ஆதாரம். பெயரும் கூலியும் ஒரே சொல்லாயின. பறித்த கொழுந்தின் நிறை போதாவிடின் கணக்கப்பிள்ளை பெயரையே பாதியாக்கிவிடுவார்.

நாள்தோறும் எழுதப்பட்ட அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டது? செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இராமசாமி என்னும் பெயர் ஓரிடத்தில் 'சாமி' என்றும், பிறிதோரிடத்தில் 'சுவாமி' என்றும் முடிந்தது. முத்தையா முத்தன் ஆனார். கறுப்பாயி கறுப்பி ஆனாள். தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபு, குடும்பப் பெயரைத் தேடிய படிவத்தில் குழப்பத்தை விளைத்தது. பிறப்புப் பதிவில் ஒரு பெயரும், செக்ரோலில் மற்றொரு பெயரும், பாடசாலை இடாப்பில் வேறொரு பெயரும் பெற்றவர் பலர். ஆயினும் மூவரும் ஒருவரே என்பதை லயத்தில் உள்ள அனைவரும் அறிவர்.

தரவுத்தளம் அதனை அறியாது. ஓரெழுத்து மிகினும், பெயருக்குள் ஒரு வெற்றிடம் கூடினும், அதற்கு அவர் வேறொருவரே. ஆகவே தொடர்பு தோல்வியுறும்போது பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தல் கணனித் துறையில் தொடக்கப் பாடமாக உள்ளது. பெயர் பொருந்தாமை பொய்க்குச் சான்று ஆகாது. எழுதியவர் கையின் வேறுபாடாகவும் இருக்கலாம். இப்பாடத்தை அரசாங்க அலுவலகங்கள் கற்றிருக்குமாயின் பலரின் தலைவிதி மாறியிருக்கும்.

வாயில்

இதுவரை கூறிய மூன்றும் பழுதுகள். பழுது எவருடைய விருப்பமும் இன்றித் தோன்றலாம். மனம் வைத்தால் திருத்திவிடலாம். நான்காவது வினாவோ வேறு தன்மையது. பெயரும் முகவரியும் சரியாக இருந்தும் வாயிலில் மறுக்கப்படுதல், விதி ஒன்றின் விளைவாகும். அதனைப் பழுது என்றல் பொருந்தாது. பூட்டு என்றலே பொருந்தும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை முதலியோர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, நொவெம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவர்கூட மலையகத்திலிருந்து தெரிவாகவில்லை. அவ்வாண்டு நடைபெற்ற சத்தியாக்கிரகமும் சட்டத்தை மாற்றவில்லை.

மலையக மக்களிடம் ஆவணங்கள் இல்லாமையே அவர்கள் துன்பத்துக்குக் காரணம் என்பார் உளர். இக்கூற்றைச் சோதிக்கக் கணனி வல்லுநரின் முறையொன்று துணைசெய்கிறது. ஓர் இயந்திரம் சேவையகத்துடன் இணைய மறுத்தால், அதே குறைபாடுள்ள மற்றோர் இயந்திரத்தை வைத்துப் பார்ப்பர். அது இணைந்துவிடின், குறைபாடு தடைக்குக் காரணம் அன்று என்பது தெளிவாகும். இலங்கையில் குடிசார் பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே படிப்படியாக நிலைபெற்றது. எனவே பாட்டனின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லாத கமக்காரன் மலைநாட்டுச் சிங்களக் கிராமத்திலும் இருந்தான், யாழ்ப்பாணத்திலும் இருந்தான். அவனிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. அவன் பிரசை என்றே கொள்ளப்பட்டான். ஒரே குறைபாடு ஓரிடத்தில் பொருட்படுத்தப்படாமலும் இன்னோரிடத்தில் தடையாகவும் அமைந்ததெனின், மறிப்பு ஆவணத்தில் இல்லை, வாயிலின் விதியிலேயே உள்ளது என்பது பெறப்படும்.

இவ்விதி நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கோரிய கோடாகன்பிள்ளை வழக்கில், 1953ஆம் ஆண்டு இலண்டன் கோமறைக் கழகம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பிரசாவுரிமைக்குத் தகைமை வகுப்பது சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்பது அத்தீர்ப்பின் சாரம். சேவையகம் தன் விதிப்படியே இயங்கியது. விதி நீதியானதா என்பது வேறு வினா.

வாயிலில் நெருக்கடி

பூட்டப்பட்ட வாயிலுக்கு அருகே சிறு வழியொன்று அமைக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமே அது. 1946ஆம் ஆண்டு யனவரி முதலாம் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருப்பின் விண்ணப்பிக்கலாம். ஊருக்குச் சென்று பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கியிருப்பின் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். விண்ணப்பத்தோடு சத்தியக்கடதாசி இணைக்கப்பட வேண்டும்.

முதலில் புறக்கணிப்பில் நின்ற காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்குமாறு மக்களை வேண்டியது. 1951ஆம் ஆண்டு ஓகத்து 5ஆம் நாள் தவணை முடிவதற்குள் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை உள்ளடக்கியவை. குறைந்த காலத்தில் அளவுக்கு மீறிய அழைப்புகள் வருமாயின் எந்தச் சேவையகமும் திணறும் என்பது வல்லுநர் அறிந்ததே. விண்ணப்பங்களைத் தீர்க்கப் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. இறுதியில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே.

இக்கட்டத்தில் பழுதும் பூட்டும் ஒன்றாயின. விண்ணப்பம் மறுக்கப்படவுள்ளது எனவும் மூன்று மாதங்களுக்குள் காரணங் காட்டுக எனவும் வரும் அறிவித்தல், தோட்ட அலுவலகத்தின் வழியாகவே தொழிலாளியை அடைய வேண்டும். அவன் வதிவை மெய்ப்பிக்கும் செக்ரோலும் அதே அலுவலகத்தின் கையிலேயே இருந்தது. முகவரி பொதுவானது, வழி பிறர் கையிலுள்ளது, பெயர் இடத்துக்கு இடம் மாறுபட்டது. இவை மூன்றும் தொழிலாளியின் பிழையல்ல. ஆயினும் மூன்றின் விளைவும் அவன் தலையிலேயே விழுந்தது.

வழி முற்றாக அறுந்தமை

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாடற்றவராகக் கணிக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974ஆம் ஆண்டு சிறிமா - இந்திரா ஒப்பந்தத்தால் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இந்தியாவுக்கு ஏழு பேர், இலங்கைக்கு நான்கு பேர் என்ற விகிதத்தில் பதிவு நடைபெற வேண்டியிருந்தது. நால்வருடைய பதிவு வேறு எழுவரின் அசைவைப் பொறுத்ததாயிற்று. இரு நாட்டுப் பதிவேடுகள் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்தன.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவதற்கு முன்னரே, டிசெம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பற் சேவை பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்று, 1984ஆம் ஆண்டில் இனப்போரின் காரணமாக நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் பயணம் செய்ய இயலாதவராக ஏறத்தாழ 84 ஆயிரம் பேர் இங்கேயே தங்கினர். கடதாசியில் ஒரு நாட்டவர். வாழ்வில் மற்றொரு நாட்டவர். சேவையகம் ஏற்றுக்கொண்ட பின்னர் வழி அறுந்ததற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பூட்டுத் திறந்த விதம்

1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் வாயிலைப் படிப்படியாகத் திறந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ முறையையே மாற்றியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகள் என அது கூறிற்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் பிரகடனம் ஒன்றைச் செய்து பிரசையாகலாம். அவ்வாண்டு இறுதியில் ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகத்தின் துணையோடு நடைபெற்ற பதிவு முயற்சியில் பத்து நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிவாயினர்.

1951இன் விண்ணப்பங்கள் தீரப் பத்தாண்டு கடந்தது. 2003இல் பத்து நாட்கள் போதுமானவையாயின. மக்களின் லயங்கள் மாறவில்லை. அவர்களின் பெயர்கள் திருந்தவில்லை. புதிய ஆவணங்கள் எவையும் அவர்கள் கைக்கு வந்துவிடவில்லை. மாறியது விதி ஒன்றே. மெய்ப்பிக்கும் சுமையை அழைப்பவன் தோளிலிருந்து இறக்கியதும் தொடர்பு கிடைத்துவிட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நிலவிய தடையின் மூலம் எங்கிருந்தது என்பதற்கு இதுவே இறுதிச் சோதனை எனலாம்.

முடிவாக

பூட்டுத் திறந்ததால் பழுதுகள் மறைந்துவிட்டன என்று கருதுதல் தவறாகும். பல தோட்டங்களில் இன்றும் கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே லயத்தை அடைகிறது. ஒருவரின் பெயர் மும்மொழி ஆவணங்களிலும் மூன்று விதமாக இருத்தலும் அரிதன்று. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்டு வரும் தேசிய அடையாள அட்டைக்கு அடுத்தபடியாக, மின்னிலக்க அடையாளத் திட்டமும் அண்மை ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டுள்ளது. பழைய பதிவேட்டின் பிழை புதிய தரவுத்தளத்துக்கு அப்படியே இடம்பெயருமாயின், அது முன்னிலும் உறுதியான பிழையாகிவிடும். கிளாக்கரிடம் வாதாடலாம், கணனித் திரையிடம் வாதாட இயலாது.

ஆகவே மலையக வரலாறு பதிவேடு அமைப்போருக்கு உணர்த்தும் பாடம் இதுவாகும். தொடர்பு கிடைக்காதவிடத்து, அழைப்பவரிடமே குறை உண்டு என்ற முடிவோடு ஆய்வைத் தொடங்கலாகாது. முகவரி இல்லையெனின் முகவரி வழங்குக. வழி பிறர் கையில் உள்ளதெனின் நேர்வழி அமைக்க. பெயர் மாறுபடின் ஆளை அறிந்த அயலாரின் சாட்சியத்தை ஏற்க. இவை யாவும் செய்த பின்னும் வாயில் திறக்கவில்லையெனின், அது பூட்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்க. பழுதை நீக்குவது அலுவலரின் கடமை. பூட்டை நீக்குவது அரசியலின் கடமை. பூட்டைப் பழுதென்று சொல்லி, மேலும் ஒரு கடதாசி கொண்டுவருமாறு மக்களைத் திருப்பி அனுப்பிய காலம் ஒரு தலைமுறையின் வாழ்நாளை விழுங்கிவிட்டது. இனிவரும் தலைமுறை அவ்விதம் காத்து நிற்கலாகாது.